கண்டாக்கையாவின் பல் கணக்கு

"முத்துலிங்கம், இதென்ன அரைப் பல்லு?"

டொக்டர் நிரூபா படிவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் வேலை. சனிக்கிழமைகளில் மட்டும் ஹட்டன் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியிலிருக்கும் இந்தப் பல் வைத்தியசாலைக்கு வந்துபோவார். அவர் கையிலிருந்த படிவம் கொழும்பு இன்சூரன்ஸ் கம்பனிக்குப் போய், சிவப்பு மையில் பெரிய கேள்விக்குறியோடு திரும்பி வந்திருந்தது.

முத்துலிங்கம் எழுந்து நின்றார். அந்த வைத்தியசாலையின் பில், இன்சூரன்ஸ் எல்லாம் அவர் பொறுப்பு.

"அரைதானுங்க டொக்டர். வேலை இன்னும் முழுசா முடியலைங்களே."

"பல்லிலை அரை எண்டு ஒண்டு இருக்கே?"

"ஸ்குரு மட்டுந்தானே எறக்கியிருக்கோம்? அதுக்கு மேல முளை நிக்கணும். முளைக்கு மேல கேப்பு மாட்டணும். அதுவரைக்கும் முழுப் பேர் போடுறது நியாயமில்லைங்க."

முத்துலிங்கம் கொட்டகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருடம் செக்ரோல் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். செக்ரோல் என்றால் யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று எழுதும் பேரேடு. சொன்ன அளவுக்குக் கொழுந்து பறித்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். அந்தக் கணக்கு அவர் இரத்தத்தில் ஊறிக் கிடந்தது. பல்லாக இருந்தால் என்ன, பழனியம்மாவாக இருந்தால் என்ன, வேலை முடியாமல் முழுப் பேர் போடுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

டொக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"இஞ்சை பாருங்கோ. கம்பனி தந்த புத்தகத்திலை ஸ்குருவுக்கு ஒரு குறியீடு இருக்கு, முளைக்கு ஒண்டு, கேப்புக்கு ஒண்டு. மூண்டுக்கும் மூண்டு படிவம் போட்டு அனுப்புங்கோ. அரை, கால் ஒண்டும் வேண்டாம். விளங்குதே?"

"வெளங்குதுங்க டொக்டர்."

விளங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பல்லுக்குச் சொந்தக்காரர் அழகுமுத்து. முத்துலிங்கம் இருந்த அதே தோட்டத்தில் கண்டாக்கு. மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களிடம் வேலை வாங்கும் உத்தியோகம். சிரிக்காத மனிதர். சிரித்தால் ஆட்கள் மதிக்க மாட்டார்கள் என்பது அவர் கட்சி. ஆனி மாத மழையில் ஏழாம் நம்பர் மலையில் தண்ணீர் ஓடும் கானுக்குள் வழுக்கி விழுந்து மேல்வரிசை நடுப்பல் ஒன்று போன பிறகுதான், அவருக்கு அப்படியொரு பல் இருந்ததே தோட்டத்துக்குத் தெரியவந்தது.

போனது பல் மட்டுமல்ல. "அங்க என்ன பேச்சு?" என்று அவர் அதட்டினால் கடைசி எழுத்து விசிலாக வந்தது. பெண்கள் கொழுந்துக் கூடைக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டு குலுங்கினார்கள். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது மகள் வினோதா சொன்ன வார்த்தை. அவளுக்குத் தையில் கல்யாணம்.

"அப்பா, போட்டோ எடுக்கிறப்ப மட்டும் வாயைத் தொறந்துறாதீங்கப்பா."

பிள்ளை விளையாட்டாகத்தான் சொன்னாள். அவருக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. அன்றைக்கே பஸ் ஏறி ஹட்டனுக்கு வந்து, முத்துலிங்கத்தின் மேசைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"கிளாக்கர், ஒன்னு கேட்பேன். நீங்க சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க கண்டாக்கையா."

"எம் மக கல்யாணத்துல நான் சிரிக்கணும்."

எத்தனையோ காலமாக காலையில் ஆள் கணக்கெடுக்கும் ஒரே பெரட்டுக் களத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்ற மனிதர். ஒருநாளும் தனக்கென்று எதையும் கேட்டதில்லை.

"கவலைய விடுங்க. இப்ப எலும்புலயே ஸ்குரு எறக்கி, நெசப் பல்லு மாதிரியே வைக்கிறாங்க. தோட்டத்து ஸ்டாஃபுக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே, கம்பனி குடுக்கும். கல்யாணத்தன்னைக்கு நீங்க பல்லோட சிரிக்கிறீங்க. அதுக்கு நான் பொறுப்பு."

அப்படி வாக்குக் கொடுத்துத்தான் ஸ்குரு இறங்கியது. ஈறில் அதன் தலை மட்டும் பளபளத்துக்கொண்டிருந்தது. மேலே மாட்டும் கேப்பைக் கண்டியில் செய்து எடுக்க வேண்டும். கம்பனி சம்மதம் வராமல் செய்யக் கொடுப்பதில்லை என்பது டொக்டரின் சட்டம். ஆகவே கண்டாக்கையாவின் சிரிப்பு இப்போது முத்துலிங்கத்தின் பேனா முனையில் இருந்தது.

டொக்டர் சொன்னபடி மூன்று படிவங்களை எடுத்துப் போட்டு எழுதத் தொடங்கினார். ஒன்றில் ஸ்குருவின் குறியீடு, ஒன்றில் முளை, ஒன்றில் கேப்பு. கீழே 'எந்தப் பல்' என்று ஒரு கட்டம். முதல் படிவத்தில் நடுப்பல்லின் இலக்கத்தை எழுதினார். இரண்டாவதில் அதே இலக்கத்தை எழுதப் போன கை அந்தரத்தில் நின்றது.

ஒரே நாளில், ஒரே பேரை, மூன்று தடவை எழுதுவதா? செக்ரோலில் அதற்குக் கள்ளப் பேர் என்று பெயர். கள்ளப் பேர் போட்ட கிளாக்கர்மார் பெட்டி படுக்கையோடு குவாட்டர்ஸைக் காலி செய்து போனதை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். முத்துலிங்கத்துக்கு வியர்த்துவிட்டது. நல்லவேளை, பார்த்தோமே என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு, முளையை வலது பக்கத்துப் பல்லின் பேரிலும், கேப்பை இடது பக்கத்துப் பல்லின் பேரிலும் எழுதினார். ஆளுக்கொரு சாமான். யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

டொக்டர் ஒரு நோயாளியின் வாய்க்குள் பார்வையை வைத்தபடியே கையெழுத்துப் போட்டார். முத்துலிங்கம் ஓர் எழுத்துப் பிசகாதவர் என்பது அவருடைய நம்பிக்கை.

சனிக்கிழமை தவறாமல் அழகுமுத்து வந்து நின்றார்.

"கிளாக்கர், பல்லு எங்க வருது?"

"கொழும்புல இருக்குங்க."

"ரயிலா இருந்தா இந்நேரம் வட்டவளை தாண்டியிருக்குமே."

"வந்துரும் கண்டாக்கையா."

ஐப்பசியில் வந்தது, பல் அல்ல, மூன்று படிவங்களும். "முதலில் அரைப் பல் என்றீர்கள். இப்போது மூன்று பல் என்கிறீர்கள். எது சரி?" என்று கேட்டு, விஜேசேகர என்ற அதிகாரி கையெழுத்திட்டிருந்தார்.

பிழை என்று ஒரு வரி எழுதியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் முத்துலிங்கம் முப்பது வருடத்தில் எழுதியதை அழித்து எழுதியதில்லை. செக்ரோலில் ஒரு கீறல் விழுந்தாலே துரை கிழிகிழியென்று கிழிப்பார். எழுதியது எழுதியதுதான். ஆழ்ந்து யோசித்து ஒரு பதில் எழுதினார்: "முதலில் குறிப்பிட்ட அரையும் சரி. பின்னர் குறிப்பிட்ட மூன்றும் சரி. தயவுகூர்ந்து ஆவன செய்யவும்."

கார்த்திகை கடைசியில் ஆவன செய்யப்பட்டது. அதிகாரி விஜேசேகர நேரில் வந்து வாயைப் பார்வையிடுவார் என்று கடிதம் வந்தது. மார்கழிப் பௌர்ணமி விடுமுறையான போயா அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. அவர் வருவது அதற்கு முதல்நாள் சனிக்கிழமை.

டொக்டர் நிரூபா அப்போதுதான் படிவங்களை ஒழுங்காகப் படித்தார்.

"முத்துலிங்கம், ஸ்குரு ஒரு பல்லிலை. முளை பக்கத்துப் பல்லிலை. கேப்பு மற்றப் பக்கத்துப் பல்லிலை. அப்ப முளையும் கேப்பும் காத்திலையே நிக்குது?"

முத்துலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். அவமானமாக இருந்தது. பல்லின் பாகங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பவை, ஆட்களைப் போல வரிசையில் நிற்பவை அல்ல என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"பிழைவிட்டுட்டோம், ஒரு பல்லுத்தான் எண்டு எழுதி அனுப்புங்கோ. அவை மனுசர்தானே, விளங்கும்."

உடம்பெல்லாம் கூச, முத்துலிங்கம் வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படியொரு கடிதம் எழுதினார். அனுப்புமுன் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று கொழும்புக்குப் போன் போட்டார். விஜேசேகரவே எடுத்தார். தமிழ் நன்றாகப் பேசினார்.

"சேர், அந்தப் பல்லு விசயமா ஒரு சின்னத் தவறு நடந்துபோச்சுங்க. லெட்டர் ஒன்னு அனுப்பி..."

"லெட்டர் எல்லாம் வேணாம்."

"இல்லைங்க சேர், உண்மையில வந்து..."

"உண்மை எல்லாம் நேர்ல பார்க்கணும் மிஸ்டர் முத்துலிங்கம். நான் சனிக்கிழமை வாறதுதான். அனுப்பவே வேணாம் லெட்டர். அங்கே இப்ப குளிர் எப்படி?"

"குளிருங்களா? பின்னேரத்துல மூடுபனிங்க சேர்."

"ராத்திரிக்கு?"

"ராத்திரிக்கு நடுக்குமுங்க."

"ஹரி, ஹரி," என்று சிங்களத்தில் சரி சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

முத்துலிங்கத்துக்கு அப்போதே நடுங்கத் தொடங்கியது. கடிதம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேரில் வருகிற அதிகாரிகளைத் தோட்டத்தில் அவருக்குத் தெரியும். அவர்கள் கேட்க வருவதில்லை, பிடிக்க வருகிறார்கள். பொய்க் கணக்கு என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போனால் அழகுமுத்துவின் இன்சூரன்ஸே ரத்தாகிவிடும். அந்த ஒரு பல்லும் வராது.

அன்று பின்னேரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் வைத்து அழகுமுத்துவிடம் எல்லாவற்றையும் சொன்னார். மறைக்கவில்லை.

"எம்மேலதாங்க தப்பு. ஒத்தப் பல்லுக்கு மூணு பல்லு எழுதிட்டேன்."

அழகுமுத்து வெறும் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"பேப்பர்ல மூணு. வாயில ஒன்னு."

"ஆமாங்க."

"பேப்பர மாத்த முடியாதா?"

"மாத்தத்தான் பார்த்தேன். லெட்டரே வேணாம்னுட்டாரு."

பேச்சை மாற்றவும் மனதைத் தேற்றவும் முத்துலிங்கம் பழைய கதை ஒன்றை எடுத்தார்.

"இதைவிடப் பெரிய கண்டமெல்லாம் தாண்டியிருக்கோம். கம்பனிப் பெரியவரு திடீர்னு வந்து மலையில ஆள் எண்ணுனாரே, ஞாபகமிருக்கா? செக்ரோல்ல இருந்த அளவுக்கு மலையில ஆளில்ல."

"இல்லாம? கீழ்மலையில நின்ன பொம்பளைகளக் குறுக்குப் பாதையால ஓட்டிக்கிட்டு வந்து நிறுத்தினது யாரு? நான்தானே."

"செக்ரோல்ல கை வச்சோமா?"

"வைக்கலையே. மலையத்தான் சரிபண்ணினோம்."

முத்துலிங்கம் அந்த நினைவில் மெல்லச் சிரித்தார். அழகுமுத்து சிரிக்கவில்லை. மேலுதட்டை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ரெண்டுதானே கொறையுது, கிளாக்கர்?"

"ரெண்டுதாங்க," என்றார் முத்துலிங்கம் வருத்தத்தோடு. அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை.

அழகுமுத்து தேத்தண்ணியை முடித்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து நடந்து போனார். பெரட்டுக்குப் போகிறவரின் நடை அது.

சனிக்கிழமை பின்னேரம் அவர் வந்தபோது வாயில் கைக்குட்டையை அழுத்திப் பிடித்திருந்தார். கன்னம் இரண்டும் வீங்கியிருந்தன.

"என்ன கண்டாக்கையா, பல்லு வலியா?"

அழகுமுத்து அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்து வாயைத் திறந்தார். முத்துலிங்கம் பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நடுவில் ஸ்குருவின் தலை மினுங்கியது. அதற்கு வலப்பக்கப் பல்லும் இல்லை, இடப்பக்கப் பல்லும் இல்லை.

"தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர்தான் புடுங்குனாரு. மொதல்ல மாட்டேன்னாரு. ஒரு சத்தம் போட்டேன்." இப்போது எல்லா எழுத்தும் விசிலாகவே வந்தது. "எண்ணிப் பாருங்க கிளாக்கர். மூணு சரியா இருக்கா?"

முத்துலிங்கத்தால் எண்ண முடியவில்லை. கண் கலங்கிவிட்டது. பழைய பெருமையைப் பேசப்போய் ஒரு நல்ல மனிதரின் இரண்டு நல்ல பற்களைத் தின்றுவிட்டோமே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

சத்தம் கேட்டு வந்த டொக்டர் நிரூபா கையிலிருந்த கண்ணாடியை நழுவவிட்டார்.

"ஐயோ, அது நல்ல பல்லல்லோ! ஆர் பிடுங்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க டொக்டர். கணக்கு ஒதைச்சுச்சு."

"இனிக் காயம் ஆறி எலும்பு தேற எத்தினை மாசம் செல்லும் தெரியுமே? தைக்குள்ளை நான் நடுப்பல்லு ஒண்டைத்தான் வைக்கலாம். ரெண்டு பக்கமும் ஓட்டையாய்த்தான் கிடக்கும். மகளின்ரை கலியாணத்திலை எப்பிடிச் சிரிக்கப் போறீங்கள்?"

அழகுமுத்து கைக்குட்டையால் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கம்பனிக்காரங்க வந்து பொய்க் கணக்குன்னு எழுதிட்டா அந்த ஒன்னும் இல்லைங்களே டொக்டர். ஒரு பல்லு இருந்தா ஓரமாவாச்சும் சிரிச்சுக்குவேன்."

கீழே வேன் ஒன்று வந்து நின்றது.

அதிகாரி விஜேசேகர படியேறி வந்தார். ஆளைப் பார்த்தால் அதிகாரி மாதிரியே இல்லை. தலையில் கம்பளித் தொப்பி, காலில் கான்வாஸ் சப்பாத்து. ஒற்றனாக வந்திருக்கிறார் என்றே முத்துலிங்கம் முடிவு செய்தார்.

"எங்கே ஆள்?"

அழகுமுத்து துரைக்கு முன்னால் நிற்பதுபோல் விறைப்பாக நின்று வாயைத் திறந்தார். விஜேசேகர சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வாயைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு. ஹரி."

"சேர், இதிலை ஒரு பிழை நடந்திட்டுது. உண்மையிலை..." என்று டொக்டர் தொடங்கினார்.

"பிழை ஒண்ணும் இல்லை டொக்டர். எல்லாம் சரியா இருக்கு." அவர் நின்றபடியே மூன்று படிவத்திலும் கையெழுத்துப் போட்டார். "எனக்கு நேரமில்லை. இருட்ட முந்திப் போகணும். இங்கே டோர்ச் பெட்டரி எந்தக் கடையிலே இருக்கு?"

எதிர்க்கடையில் என்று முத்துலிங்கம் கையைக் காட்டினார். அதிகாரி இறங்கி ஓடினார். மாதக்கணக்காகத் தூங்கவிடாமல் செய்த விவகாரம் ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

மரியாதைக்கு வழியனுப்ப முத்துலிங்கமும் அழகுமுத்துவும் கீழே வந்தார்கள். தெருவில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. வேனுக்குள் ஓர் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விஜேசேகர எதிர்க்கடையில் பெட்டரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிளாக்கர், மூணும் பாஸாங்க?"

"மூணும் பாஸுங்க."

"அப்ப நம்ம கணக்கு தோக்கலை."

அழகுமுத்து சிரித்தார். நடுத்தெருவில், கைக்குட்டையை எடுத்துவிட்டு, வாய் நிறையச் சிரித்தார். அத்தனை வருடத்தில் முத்துலிங்கம் அந்தச் சிரிப்பைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒரு குழந்தையின் சிரிப்பாக இருந்தது. பார்க்கப் பார்க்க அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அழவேண்டும் போலவும் இருந்தது.

வேன் டிரைவர் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தான். பேச்சைக் கேட்டால் மஸ்கெலியாப் பக்கத்துப் பையன்.

"நீங்கதானா அந்தப் பல்லு பில்லு ஐயா?"

"நான்தான் தம்பி. கெட்டிக்கார ஆபிசருப்பா ஒங்க ஐயா. நேர்ல வந்து பார்த்துத்தான் எழுதுவேன்னு நின்னுட்டாரு."

டிரைவர் எதிர்க்கடைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"அட நீங்க வேறங்க, ஒங்க அரைப் பல்லு பில்லு மொதத் தடவையே பாஸாகிருச்சு, சிவனொளிபாத மலை ஏறுற சீசன் தொடங்குறப்ப குடும்பத்தோட வாறதுக்கு ஆபிஸ் வேன் வேணும்னு வருசா வருசம் ஹட்டன் பில்லு ஒன்ன இப்பிடித்தான் திருப்பித் திருப்பி அனுப்பி வச்சுக்குவாரு, போன வருசம் தலவாக்கலையில ஒருத்தரோட குடல்வாலு, இந்த வருசம் ஒங்க பல்லு."